குடும்பத்தோடு தீம் பார்க்: செலவைக் குறைப்பது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

முழுப் பரீட்சை முடியும் நேரத்தில் சொந்தக்காரர்களும் அக்கம்பக்கத்துக்காரர்களும் எங்களிடம் கேட்கும் கேள்விகள் இவை. என் கணவர், நான், இரண்டு பிள்ளைகள், மாமியார் என்று ஐந்து பேராகச் சென்னை, பெங்களூரு, கொச்சிப் பக்கத்துப் பூங்காக்களுக்குப் பலமுறை போய் வந்திருக்கிறோம். முதல் முறை கணக்குப் போடாமல் போனோம். மதியத்துக்குள் கையில் இருந்த பணம் கரைந்துவிட்டது. அதன் பிறகு பிள்ளைகள் எதைக் கேட்டாலும் சிடுசிடுவென்று பேசிக்கொண்டே சுற்றினோம். வீடு திரும்பும்போது பெரியவள், "நாம வராமலே இருந்திருக்கலாம்மா" என்றாள். அன்றிலிருந்துதான் இந்தக் கணக்குகளை ஒரு நோட்டில் எழுத ஆரம்பித்தேன். பிள்ளைகள் விளையாடும் நேரத்தைக் குறைக்காமல், அதைச் சுற்றி வரும் செலவைக் குறைப்பதுதான் என் நோக்கம்.

டிக்கெட் காசை எடுத்து வைத்தால் போதுமா? மொத்தம் எவ்வளவு ஆகும்?

போதாது. டிக்கெட்டுக்கு ஆகும் தொகை ஒரு பங்கு என்றால், போக்குவரத்து, தங்கல், சாப்பாடு, உள்ளே ஆகும் சில்லறைச் செலவு எல்லாம் சேர்ந்து இன்னொரு பங்கு ஆகும். வெளியூர் என்றால் அதற்கு மேலும் போகும்.

ஒரு உதாரணம். பெரியவர் டிக்கெட் 1,500 ரூபாய், குழந்தை டிக்கெட் 1,200 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். பெரியவர்கள் மூன்று பேர், பிள்ளைகள் இரண்டு பேர் என்றால் 6,900 ரூபாய். தீம் பார்க், வாட்டர் பார்க் நுழைவுக்கு ஜிஎஸ்டி 28 சதவீதமாக இருந்தது. 2018 ஜனவரியில் 18 ஆகக் குறைத்தார்கள். விளம்பரத்தில் போட்டிருக்கும் விலையில் இந்த வரி சேரவில்லை என்றால் இன்னும் 1,242 ரூபாய் கூடும். அதாவது நீங்கள் மனதில் போட்ட கணக்கு ஆறாயிரத்துச் சொச்சம், கட்டுவது எட்டாயிரத்துச் சொச்சம். ஆகவே முதலில் பார்க்க வேண்டியது விலையை அல்ல, அதன் கீழே சின்ன எழுத்தில் வரி பற்றி என்ன போட்டிருக்கிறது என்பதை.

எங்கள் ஊரிலிருந்து எந்தப் பூங்கா கட்டுப்படி ஆகும்?

பெயர் பெரியது என்பதற்காகத் தூரமாக இருக்கும் பூங்காவைத் தேர்ந்தெடுக்காதீர்கள். ஒரே பகலில் போய்த் திரும்ப முடிகிற பூங்கா இருந்தால் ஒரு இரவு அறை வாடகை மிச்சம். அதோடு ஒப்பிட்டால் டிக்கெட்டில் வரும் தள்ளுபடி ரொம்பச் சின்னது.

சென்னைக்காரர்களுக்குக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் (ஈசிஆர்) வெகுகாலமாக இருக்கும் விஜிபி, எம்ஜிஎம் என்ற இரண்டு பூங்காக்கள் உண்டு. வண்டர்லா நிறுவனத்தின் ஐந்தாவது பூங்கா 2025 டிசம்பரில் திருப்போரூர் பக்கம் இள்ளலூரில் திறந்தது. அதுவரை வண்டர்லா என்றால் கொச்சி, பெங்களூரு, ஹைதராபாத், புவனேஸ்வர்தான். கொச்சிப் பூங்கா 2000-இல் வீகாலேண்ட் என்ற பெயரில் தொடங்கியது, பெங்களூரு 2005-இல். சென்னையிலும் காஞ்சி, செங்கல்பட்டு வட்டாரத்திலும் இருப்பவர்கள் இனி இதற்காகப் பெங்களூரு ரயில் ஏற வேண்டியதில்லை.

கோவை, திருப்பூர், ஈரோட்டுக்காரர்களுக்கு மேட்டுப்பாளையத்தில் நீலகிரி அடிவாரத்தில் இருக்கும் பிளாக் தண்டர் பக்கம். கோவையிலேயே பேரூர் வழியில் கோவை கொண்டாட்டம் என்ற பூங்கா இருக்கிறது. பெரிய ரோலர் கோஸ்டர்தான் வேண்டும் என்று பிள்ளைகள் அடம்பிடித்தால் கோவையிலிருந்து கொச்சி, சென்னையைவிட எவ்வளவோ கிட்டம். மதுரை, திண்டுக்கல் பக்கம் பரவையில் அதிசயம் என்ற பூங்கா. ஓசூர், கிருஷ்ணகிரி, தர்மபுரி, சேலத்துக்காரர்களுக்குச் சென்னையைவிடப் பெங்களூருதான் அருகில். அங்கே வண்டர்லா பூங்கா இருப்பது மைசூர் சாலையில் பிடதியில். ஆனால் அது ஊருக்கு அந்தப் பக்கம். பெங்களூரு நெரிசலைத் தாண்டிப் போகும் நேரத்தையும் சேர்த்து எண்ணிக்கொள்ளுங்கள்.

எந்த நாளில் போனால் செலவு குறையும்?

எனக்குக் கிடைத்த பெரிய மிச்சம் எல்லாம் நாளை மாற்றியதில் கிடைத்தவை. பெரிய பூங்காக்களில் வார நாளுக்கு ஒரு விலை, சனி ஞாயிறுக்கும் விடுமுறைக் காலத்துக்கும் ஒரு விலை. ஆனால் நான் விலையை மட்டும் பார்ப்பதில்லை. ஒரு ரைடுக்கு எவ்வளவு ஆகிறது என்று பார்ப்பேன்.

வார நாளில் 1,500 ரூபாய் கொடுத்துப் போகிறீர்கள், வரிசை சின்னது, ஒரு பிள்ளை பிடித்ததில் திரும்பத் திரும்ப ஏறி 18 முறை ஏறிவிடுகிறது என்றால், ஒரு ரைடு 83 ரூபாய். அதே பூங்காவுக்கு மே மாத ஞாயிறில் 1,800 கொடுத்துப் போய், ஒவ்வொன்றுக்கும் முக்கால் மணி நேரம் வெயிலில் நின்று ஏழு ஏறினால், ஒரு ரைடு 257 ரூபாய். நிற்கிற நேரத்தில் தாகம், பசி, ஐஸ்கிரீம், குளிர்பானம். கூட்டமான நாளில் உள்ளே ஆகும் செலவும் தானாகவே ஏறும்.

அப்படியென்றால் எந்த நாள்? செவ்வாய், புதன், வியாழன். அதைவிட முக்கியம், பூங்கா இருக்கும் மாநிலத்தின் பள்ளி நாட்காட்டி. கர்நாடகத்தில் ஏப்ரல் பாதிக்குள்ளேயே கோடை விடுமுறை விட்டு, மே கடைசியை ஒட்டிப் பள்ளி திறந்துவிடுவார்கள். நம் பிள்ளைகளுக்கு ஜூன் தொடக்கத்தில்தான் பள்ளி. இரண்டுக்கும் நடுவில் சில நாள் கிடைத்தால் பிடதிக்கு அதுதான் நல்ல நேரம். கேரளத்தில் ஏப்ரல், மே இரண்டும் விடுமுறை, ஜூன் முதல் தேதியை ஒட்டித் திறக்கும். கூடவே மழையும் தொடங்கிவிடும். தண்ணீர் விளையாட்டுக்கு மழை ஒரு தடையில்லை, ஆனால் இடி மின்னல் வந்தால் உயரமான ரைடுகளை நிறுத்திவைப்பார்கள். அதைத் தெரிந்தே போக வேண்டும்.

காலாண்டு விடுமுறையில் பெங்களூரு போவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். அப்போதுதான் அங்கே தசரா விடுமுறை, மைசூர் சாலை முழுக்க வண்டிகள். சென்னையில் காணும் பொங்கலன்று எந்தப் பூங்காவும் வேண்டாம், கடற்கரையும் வேண்டாம். ஓணத்தை ஒட்டிக் கொச்சியைத் தவிருங்கள். இதற்காகப் பள்ளிக்கு லீவு போடச் சொல்கிறேனா என்றால், பரீட்சை இல்லாத நாளில், ஆசிரியரிடம் உண்மையைச் சொல்லி ஒரே ஒரு நாள் எடுப்பதில் தவறு இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. உங்கள் வீட்டு வழக்கத்தைப் பார்த்து நீங்கள் முடிவு செய்யுங்கள்.

குழந்தை டிக்கெட் வயதை வைத்தா, உயரத்தை வைத்தா?

பல பூங்காக்களில் உயரம்தான். வண்டர்லாவில் 85 சென்டிமீட்டருக்குக் கீழே இருந்தால் டிக்கெட் வேண்டாம், 85 முதல் 140 வரை குழந்தை டிக்கெட், அதற்கு மேல் பெரியவர் டிக்கெட். அதனால் ஆறாம் வகுப்பில் கிடுகிடுவென்று வளர்ந்த பையனுக்குப் பெரியவர் டிக்கெட் ஆகிவிடும். சற்றுக் குள்ளமான எட்டாம் வகுப்புப் பெண்ணுக்குக் குழந்தை டிக்கெட் போதும்.

புக் செய்வதற்கு முன்னால் வீட்டுச் சுவரில் செருப்பில்லாமல் நிற்க வைத்து அளந்து குறித்துக்கொள்ளுங்கள். 139-இல் இருக்கும் பிள்ளையை ஆறு மாதம் கழித்து அழைத்துப் போனால் டிக்கெட் மாறிவிடும். அதே நேரம் வேகமான ரைடுகள் பலவற்றுக்குக் குறைந்தபட்ச உயரம் உண்டு என்பதையும் மறக்க வேண்டாம். 141 ஆன பிறகு போனால் கொஞ்சம் கூடக் கொடுத்தாலும் பிள்ளை எல்லாவற்றிலும் ஏறும். பெரிய ரோலர் கோஸ்டருக்காகவே ஏங்கும் பிள்ளை என்றால் நான் 141 வரும்வரை காத்திருப்பேன். வாசலில் நின்று "உனக்கு உயரம் பத்தாது" என்று கேட்கும் பிள்ளையின் முகத்தை ஒருமுறை பார்த்திருக்கிறேன். குழந்தை டிக்கெட்டில் மிச்சமான காசு எனக்கு அன்று பெரிதாகவே தெரியவில்லை.

என் பிள்ளைக்கு நாலு வயதுதான். இப்போதே போகலாமா?

அவளுக்காக மட்டும் என்றால் வேண்டாம். நாலு வயதில் பெரிய பூங்காவில் ஏறக்கூடியது சின்ன ராட்டினம், பொம்மை ரயில், ஆழமில்லாத குளம், அவ்வளவுதான். அந்த வயதுக்கு ஊரில் போடும் பொருட்காட்சி போதும். சென்னைத் தீவுத்திடலிலும், சித்திரைத் திருவிழா சமயம் மதுரையிலும் பொருட்காட்சி போடுவார்கள். அங்கே சின்ன நுழைவுக் கட்டணம் போக, ஏறும் ராட்டினத்துக்கு மட்டும் காசு கொடுத்தால் போதும், ஒரு மணி நேரத்தில் தூக்கம் வந்தால் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடலாம். மூத்த பிள்ளைக்காகப் போகும்போது சின்னதும் கூட வருகிறது என்றால் அது வேறு.

பாட்டி எதிலும் ஏற மாட்டார். அவருக்கும் முழு டிக்கெட் எடுக்க வேண்டுமா?

இந்தக் கேள்வியைக் கேட்கும்போதே பலருக்குக் கொஞ்சம் சங்கடம். கேட்க வேண்டிய கேள்விதான். பெரும்பாலும் உள்ளே வரும் எல்லோருக்கும் டிக்கெட் உண்டு. 60 வயதுக்கு மேற்பட்டவர்களுக்குக் குறைந்த விலை வைத்திருக்கும் பூங்காக்கள் உண்டு, ஆதார் கார்டைக் கையில் வைத்திருங்கள்.

செலவைக் குறைக்கப் பாட்டியை அறையிலேயே விட்டுவிட்டுப் போவதை நான் ஏற்க மாட்டேன். அதற்குப் பதில் வேறு இரண்டு வழிகள் பார்த்திருக்கிறேன். ஒன்று, பூங்கா நாளன்று பாட்டி பக்கத்து ஊரில் இருக்கும் தன் சொந்தக்காரர் வீட்டில் இருப்பது. எங்கள் மாமியார் ஒருமுறை கேளம்பாக்கத்தில் தன் சித்தி மகள் வீட்டில் பகல் முழுக்க இருந்தார். வெயிலில் அலைந்ததைவிட அதுதான் நன்றாக இருந்தது என்று அவரே சொன்னார். இன்னொன்று, அவரும் உள்ளே வருவதாக இருந்தால் அவருக்கும் ஒரு நாளாக அதை ஆக்குவது. மெதுவாகச் சுற்றும் ராட்டினம், படகு, நிழலான இடம், ஏதாவது நிகழ்ச்சி என்று நாலு விஷயம் இருக்கும். பையைப் பார்த்துக்கொள்ள மட்டும் அவரை உட்கார வைக்காதீர்கள். லாக்கருக்கு ஆகும் காசு அவ்வளவு பெரிதில்லை.

ஆன்லைனில் என்னென்ன தள்ளுபடி கிடைக்கும்? எல்லாவற்றையும் சேர்த்து வாங்க முடியுமா?

சேர்த்து வாங்க முடியாது என்பதை முதலில் மனதில் வையுங்கள். பெரும்பாலும் ஏதாவது ஒன்றுதான்.

பூங்காவின் சொந்த இணையதளத்தில் முன்கூட்டியே எடுத்தால் கவுன்ட்டரைவிடக் குறைவு. கல்லூரி அடையாள அட்டைக்கு, பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு ஹால் டிக்கெட்டுக்கு, பிறந்தநாளுக்கு, மகளிர் தினத்துக்கு என்று அவ்வப்போது சலுகை விடுவார்கள். உங்கள் வீட்டில் பரீட்சை எழுதிய பிள்ளை இருந்தால் ஹால் டிக்கெட்டைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். அசல் அட்டை இல்லாமல் போய், வாசலில் வித்தியாசப் பணத்தைக் கட்டியவர்களை எனக்குத் தெரியும்.

பள்ளி, அலுவலகம், குடியிருப்புச் சங்கம் என்று கூட்டமாகப் போனால் தனி விலை பேசலாம். நான்கைந்து குடும்பங்கள் சேர்ந்தும் எத்தனை பேர் இருந்தால் குழு விலை என்று பூங்காவுக்கே போன் போட்டுக் கேளுங்கள். வேன் வாடகையும் பங்காகிவிடும். ஆனால் கூட்டம் பெரிதானால் ஒருவருக்காக ஒருவர் காத்திருந்தே பாதி நாள் போகும். உள்ளே நுழைந்ததும் குடும்பம் குடும்பமாகப் பிரிந்து, சாப்பாட்டுக்கு மட்டும் ஒரு இடத்தில் கூடுவது என்று முதலிலேயே பேசிவிடுங்கள்.

புக் செய்யும்போது நாளை மாற்ற முடியுமா, பணம் திரும்பி வருமா என்பதையும் படியுங்கள். பிள்ளைகள் இருக்கும் வீட்டில் கடைசி நேரத்தில் காய்ச்சல் வருவது சகஜம். அதனால் நாங்கள் இரண்டு மாதம் முன்னாலேயே எடுப்பதில்லை, ஒரு வாரம் முன்னால்தான் எடுப்போம்.

வாட்ஸ்அப்பில் பாதி விலைக்கு டிக்கெட் என்று வருகிறதே?

தொடாதீர்கள். பூங்காவின் இணையதளம், பூங்காவின் கவுன்ட்டர், இரண்டைத் தவிர வேறு எங்கேயும் பணம் கட்ட வேண்டாம்.

வரிசையில் நிற்காமல் போக ஃபாஸ்ட் டிராக் எடுக்கலாமா?

வார நாளில் தேவையே இல்லை. விடுமுறை ஞாயிறில் அது உண்மையிலேயே உதவும், ஆனால் ஐந்து பேருக்கு எடுத்தால் இன்னொரு முறை வந்து போகும் செலவு ஆகிவிடும். அந்தக் காசில் நாளை மாற்றிக்கொள்வது நல்லது. விடுமுறையே கிடைக்காத வேலையில் இருப்பவர், வருடத்துக்கு ஒரு ஞாயிறுதான் பிள்ளைகளோடு கிடைக்கும் என்றால், எடுங்கள். அவருக்கு நேரம்தான் காசு.

காசு இல்லாமல் வரிசையைக் குறைக்க ஒரு வழி உண்டு. திறப்பதற்கு அரை மணி நேரம் முன்னால் வாசலில் இருங்கள். உள்ளே நுழைந்ததும் எல்லோரும் முதலில் கண்ணில் படும் ரைடுக்கு ஓடுவார்கள். நீங்கள் கடைசியில் இருக்கும் பெரிய ரைடுக்குப் போங்கள். தண்ணீர்ப் பக்கம் மதியத்துக்கு மேல் போனால் போதும். நனைந்த பிறகு திரும்ப உடை மாற்றி உலர்ந்த ரைடுகளுக்கு வருவது நேரமும் வீண், லாக்கரை இரண்டு முறை திறந்து மூடும் தொல்லையும் கூட.

தண்ணீர் ரைடுகளுக்கு என்ன உடை? அங்கேயே வாங்கிக்கொள்ளலாமா?

எங்கள் முதல் பயணத்தில் பணம் ஒழுகிப் போனது இதில்தான். பிள்ளைகளுக்குப் பருத்தி டிராயரும் பனியனும் எடுத்துப் போயிருந்தோம், எனக்குச் சுடிதார். குளத்தில் இறங்க விடவில்லை. ஐந்து பேருக்கும் உள்ளே இருந்த கடையில் உடை வாங்கினோம். ஒரு டிக்கெட் காசுக்கு மேல் அதிலேயே போயிற்று.

பருத்தி கூடாது என்பதற்குக் காரணம் இருக்கிறது. பருத்தித் துணியிலிருந்து நூல் பிரிந்து தண்ணீரைச் சுத்தம் செய்யும் வடிகட்டிகளை அடைக்கும். தண்ணீரை உறிஞ்சிக் கனக்கும், சறுக்கலில் உராய்ந்து பிடித்து இழுக்கும். புடவை, துப்பட்டா, வேட்டி, லுங்கி, ஜீன்ஸ் எல்லாம் இதனால்தான் கூடாது. நைலான் அல்லது பாலியஸ்டர் துணியில் டி-ஷர்ட்டும், முழங்கால் வரை வரும் டிராயரோ லெகிங்ஸோ இருந்தால் போதும். விளையாட்டு உடை விற்கும் சாதாரணக் கடையில், அல்லது திருப்பூர்ப் பக்கம் போனால் அங்கே, பூங்கா விலையைவிடக் குறைவாகக் கிடைக்கும். உடம்பை மூடிய உடை வேண்டும் என்று நினைக்கும் பெண்கள் முழுக்கை டி-ஷர்ட்டும் கணுக்கால் வரை லெகிங்ஸும் இதே துணியில் வாங்கிக்கொள்ளலாம். வெயிலில் தோல் கருகாமலும் இருக்கும். உலோகப் பொத்தானும் ஜிப்பும் இல்லாததாகப் பாருங்கள், சறுக்கலில் கீறும் என்று அதையும் தடுப்பார்கள்.

கூடவே வீட்டிலிருந்து எடுத்துப் போக வேண்டியவை: ஆளுக்கு ஒரு துண்டு, மாற்று உள்ளாடை, ஈரத்துணிக்குப் பெரிய பிளாஸ்டிக் பை, மொபைலுக்கு நீர் புகாத உறை, கண்ணாடி போடுபவர்களுக்குப் பின்னால் கட்டும் கயிறு. இவை ஒவ்வொன்றையும் உள்ளே விற்பார்கள், அதுவும் நமக்குத் தேவைப்படும் அந்த நிமிடத்தில்.

வெளிச் சாப்பாடு அனுமதி இல்லையே, என்ன செய்வது?

பெரிய பூங்காக்களில் வாசலிலேயே பையைப் பார்ப்பார்கள். கைக்குழந்தையின் உணவுக்கும் மருந்துக்கும் மட்டும் பொதுவாக விலக்கு உண்டு. சர்க்கரை நோயாளி இருந்தால் மருத்துவர் எழுதிக் கொடுத்த சீட்டோடு கேளுங்கள், மறுப்பது அபூர்வம்.

ஒளித்து எடுத்துப் போகச் சொல்லும் யோசனைகள் எனக்குப் பிடிப்பதில்லை. பிள்ளைகள் முன்னால் பையைத் துழாவி எடுத்து வெளியே வைக்கும்போது அவர்களுக்குத்தான் அவமானம். அதற்குப் பதில் சாப்பிடும் நேரத்தை மாற்றுங்கள். பூங்கா பதினொன்றை ஒட்டித் திறக்கும் என்றால், ஒன்பதரைக்கு வெளியே வயிறாரச் சாப்பிடுங்கள்: இட்லி, பொங்கல், எது பிடிக்குமோ. உள்ளே மதியம் ஒரே ஒரு வேளை. பிள்ளைகள் ஆட்ட சந்தோஷத்தில் பாதிதான் சாப்பிடுவார்கள். தலைக்கு ஒரு சாப்பாடு வாங்காமல், ஐந்து பேருக்கு மூன்று வாங்கிப் பிறகு வேண்டுமென்றால் இன்னொன்று வாங்குங்கள். பன்னிரண்டு மணிக்கோ இரண்டரைக்கோ போனால் சாப்பாட்டுக் கூடத்திலும் வரிசை இருக்காது. மாலை வெளியே வந்ததும் பசி கொல்லும். அந்த நேரத்துக்குத்தான் புளியோதரையோ மிளகாய்ப்பொடி தடவிய இட்லியோ. காரிலோ அறையிலோ வைத்துவிட்டுப் போயிருந்தால், வாசலில் இருக்கும் கடைகளைத் திரும்பிக்கூடப் பார்க்கத் தோன்றாது. வெயிலில் நிறுத்திய காரில் தேங்காய் சேர்த்த எதையும் வைக்காதீர்கள். கெட்டுப்போகும்.

குடிக்கத் தண்ணீர்க் குழாய் எங்கே இருக்கிறது என்று நுழைந்ததும் கேட்டுக்கொள்ளுங்கள். காலி பாட்டிலைப் பையில் போட்டுப் போனால், ஐந்து பேர் ஒரு நாளுக்குக் குடிக்கும் பத்துப் பாட்டில் விலை மிச்சம்.

பஸ்ஸா, ரயிலா, காரா?

ஆளையும் தூரத்தையும் பொறுத்தது. சென்னையிலிருந்து பெங்களூரு ஏறத்தாழ 350 கிலோமீட்டர். லிட்டருக்கு 15 கிலோமீட்டர் கொடுக்கும் கார் என்றால் போக 23, 24 லிட்டர் பெட்ரோல், வர அதே அளவு. லிட்டர் நூறு ரூபாய் என்றால் எரிபொருள் மட்டும் கிட்டத்தட்ட 4,700 ரூபாய், சுங்கக் கட்டணம் தனி. நாலு பேருக்கு ஸ்லீப்பர் வகுப்பில் போய் வர அதில் பாதிகூட ஆகாது. இடம் கிடைக்க வேண்டுமே என்றால், 2024 நவம்பரிலிருந்து ரயில் முன்பதிவு 60 நாளுக்கு முன்னால்தான் தொடங்குகிறது. மே மாதம் போக மார்ச்சிலேயே உட்கார வேண்டும்.

ஐந்து வயதுக்குக் கீழே ரயில் டிக்கெட் வேண்டாம். ஐந்து முதல் பன்னிரண்டுக்குள், தனிப் படுக்கை வேண்டாம் என்றால் பாதிக் கட்டணம், வேண்டும் என்றால் 2016 முதல் முழுக் கட்டணம். படுக்கை வகுப்பில் பகல் பயணம் என்றால் மடியில் வைத்துக்கொள்ளலாம். இரவுப் பயணம் முடிந்து நேராகப் பூங்கா என்றால் பிள்ளைக்குத் தனிப் படுக்கை எடுங்கள். தூங்காத பிள்ளை மதியமே சோர்ந்துவிட்டால் அவ்வளவு விலை கொடுத்த டிக்கெட்டில் பாதி வீண்.

இள்ளலூருக்குத் தெற்கு மாவட்டங்களிலிருந்து வருபவர்கள் எழும்பூர் வரை போக வேண்டாம். செங்கல்பட்டில் நிற்கும் ரயில் பிடித்து அங்கேயே இறங்கித் திருப்போரூர்ப் பக்கம் வருவது சுருக்கம். சென்னைக்குள்ளிருந்து போகிறவர்களுக்குத் திருப்போரூர் வரை மாநகரப் பேருந்து உண்டு. சாதாரணக் கட்டணப் பேருந்தில் 2021 முதல் பெண்களுக்கு இலவசம் என்பதால் அம்மா, பெண் பிள்ளை, பாட்டி மூவருக்கும் அந்தத் தூரம் காசில்லை. பிடதிக்குப் போகிறவர்கள் பெங்களூரு மெட்ரோவின் ஊதா வழியில் சல்லகட்டா வரை போய் மைசூர் சாலையில் பஸ் பிடிக்கலாம். பிடதியில் ரயில் நிலையமும் இருக்கிறது. கர்நாடகப் பேருந்தில் பெண்களுக்கு இலவசம் என்று கேள்விப்பட்டுப் போய் ஏமாற வேண்டாம், அது அந்த மாநிலத்தில் வசிப்பவர்களுக்கு மட்டும்.

தங்க வேண்டி வந்தால் எங்கே?

பூங்காவோடு சேர்ந்த ரிசார்ட் வசதிதான், ஆனால் ஒரு நாள் பூங்காவுக்குப் போய்த் தூங்க மட்டும் அது அதிகம். சென்னைப் பக்கம் என்றால் மாமல்லபுரம் எனக்குப் பிடித்த வழி. வார நாளில் சிறிய விடுதிகளில் பேரம் பேச முடியும், மறுநாள் காலை கடற்கரைக் கோயிலும் ஐந்து ரதமும் பார்த்துவிடலாம். தொல்லியல் துறை டிக்கெட் ஆளுக்கு 40 ரூபாய், 15 வயதுக்குக் கீழே இலவசம். திருப்போரூர் கந்தசாமி கோயிலும் வழியில்தான். ஒரு நாள் பூங்கா, மறுநாள் பெரிய செலவில்லாத ஊர் சுற்றல் என்று வைத்தால் பிள்ளைகளுக்கு இரண்டு நாள் சுற்றுலா, உங்களுக்கு ஒரு நாள் பூங்காச் செலவு.

சொந்தக்காரர் வீடு இருந்தால் தயங்காமல் கேளுங்கள். போகும்போது கை நிறையப் பழம் வாங்கிப் போங்கள், அவர்கள் பிள்ளை வருகிறது என்றால் டிக்கெட்டை நீங்களே எடுங்கள். அப்படியும் அறை வாடகையைவிடக் குறைவுதான்.

உள்ளே போனதும் பிள்ளைகள் அதை வாங்கு, இதை வாங்கு என்பார்களே?

கேட்பார்கள். பந்து எறியும் விளையாட்டு, ரைடில் எடுத்த போட்டோ, பொம்மைத் தொப்பி எல்லாம் டிக்கெட்டில் சேராது. நாங்கள் இப்போது செய்வது: காலையில் ஆளுக்கு 200 ரூபாய் கையில் கொடுத்துவிடுகிறோம். அது அவர்கள் பணம், எதற்கு வேண்டுமானாலும் செலவழிக்கலாம், மீந்தால் அவர்களுக்கே. முதல் முறை சின்னவன் அரை மணி நேரத்தில் பந்து எறிந்தே தீர்த்துவிட்டான். அழுதான். நாங்கள் திட்டவில்லை, கூடக் கொடுக்கவும் இல்லை. அடுத்த முறை மாலை வரை சட்டைப் பையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டே வந்து, வெளியே போகும்போது பாட்டிக்கும் சேர்த்து ஐஸ்கிரீம் வாங்கினான்.

போட்டோ ஒன்றே ஒன்று வாங்குவோம், எல்லோரும் சேர்ந்து இருப்பது. அதைப் பேசிவைத்துவிட்டால் ஒவ்வொரு கவுன்ட்டரிலும் சண்டை இல்லை.

கடன் வாங்கியோ தவணை முறையிலோ போகலாமா?

வேண்டாம். ஒரு நாள் சந்தோஷத்துக்கு ஆறு மாதத் தவணை கட்டுவது வீட்டில் எல்லோரையும் கசக்க வைக்கும். வங்கியில் மாதம் 1,500 ரூபாய் தொடர் வைப்பாக எட்டு மாதத்துக்குப் போட்டால் 12,000 ரூபாய், மேலே கொஞ்சம் வட்டி. ஆகஸ்டில் தொடங்கினால் ஏப்ரலில் கையில் இருக்கும். அவ்வளவு முடியாது என்றால் 800 போடுங்கள், உள்ளூர்ப் பூங்காவுக்குப் போங்கள். பிள்ளைகளுக்குத் தெரியும்படியே சேருங்கள். எங்கள் வீட்டில் காலண்டரில் மாதாமாதம் ஒரு கட்டத்துக்கு வண்ணம் அடிப்பது சின்னவன் வேலை.

திரும்பி வந்த பிறகு ஏதாவது செய்ய வேண்டுமா?

நைலான் உடைகளை அன்றைக்கே நல்ல தண்ணீரில் அலசிக் காயப்போடுங்கள். குளத்துத் தண்ணீரில் இருக்கும் குளோரின் அப்படியே விட்டால் துணியை நைந்துபோகச் செய்யும். நிழலில் காய்ந்ததும் துண்டு, மொபைல் உறை, பிளாஸ்டிக் பை எல்லாவற்றோடும் ஒரே பையில் கட்டி பீரோ மேல் வைத்துவிடுங்கள். பெரியவளுக்குச் சின்னதான உடை இப்போது என் தங்கை மகளிடம் இருக்கிறது. இந்த மே மாதம் அவளும் எங்களோடு வருகிறாள், உயரம் 112.